சால்வைக்குள் இரண்டு கைகள்

ஜூன் 8, ஞாயிறு

ரோமாபுரியில் பழைய போப்பாண்டவர் செத்துப் புதியவர் வந்த வருஷம். இந்தியாவும் பாகிஸ்தானும் நாலு நாள் குண்டு போட்டுக்கொண்டு பிறகு நிறுத்திக்கொண்ட வருஷம். பாரிஸில் தீப்பிடித்து எரிந்த பெரிய மாதா கோவிலை மறுபடி திறந்து, அதற்கப்புறம் வந்த முதல் கோடை. காரைக்காலில் போன கார்த்திகைப் புயலில் என் மாட்டுக்கொட்டகைக் கூரை பறந்தது, இன்னும் போட்டபாடில்லை. அந்த வருஷத்தில்தான் நான் பிளேன் ஏறி, பாரிஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசினால் இந்த போன் எழுதிக்கொள்ளும், தேதியையும் அதுவே போட்டுக்கொள்ளும் என்று மகள் அமலி சொன்னாள். "பொழுது போகலன்னா இதுகிட்டப் பேசுங்கப்பா. நான் கேக்க மாட்டேன்" என்றாள். மாட்டுத் தரகனுக்குப் பேச ஆள் இல்லாவிட்டால் வாய் நமைக்கும். அதனால் பேசுகிறேன்.

இன்று பூசை முடிந்து சம்பந்தி வந்தார். மாப்பிள்ளை ழெராரின் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். தலையில் தட்டையாக ஒரு தொப்பி. எண்பது வயதில் எல்லாப் பல்லும் சொந்தப் பல். சம்பந்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்களிடம் கிடையாது. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

உட்கார்ந்ததும், "சம்பந்தி, ஊர் சுத்துற பாஸ் ஒண்ணு வாங்கிருங்க. கோபுரம், படகு எல்லாம் அதுலயே வந்துரும். லியா பொறந்த வருஷம் நாங்கல்லாம் அதுலதான் போனோம். உங்க சம்சாரம் குழந்தை மாதிரி குதிச்சாங்க" என்றார்.

என் சம்சாரம் குதித்ததை இவர் எனக்குச் சொல்கிறார்.

பேத்தி லியா அவரைப் பப்பி என்று கூப்பிட்டுக்கொண்டு மடியில் ஏறுகிறாள். பிரெஞ்சில் அது தாத்தாவாம். என்னைக் 'காரைக்கால் தாத்தா' என்கிறாள். ஊர்ப் பேரைச் சேர்த்துச் சொன்னால் அது சொந்தமா, விருந்தாளியா?

ஜூன் 9, திங்கள்

வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். பால்கனியில் வேட்டி காயப்போடக் கூடாதாம்.

ஜூன் 11, புதன்

பாஸ் என்ன சமாசாரம் என்று அமலியைக் கேட்டேன். ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. ஒரு மாட்டைப் பற்றி நாலு பேர் பேசினால் அதன் பல்லைப் பார்ப்பது தொழில் பழக்கம்.

விலை ஒரு சினை ஆட்டின் விலை. அதில் ஐந்து இடம். ஈஃபிள் கோபுரம், ஓவியம் மாட்டியிருக்கிற அரண்மனை, குன்றின் மேலே ஒரு வெள்ளைக் கோவிலுக்குப் போய்வரும் சின்ன ரயில், ஆற்றில் படகு, அப்புறம் தரைக்கு அடியில் மண்டையோடுகளை அடுக்கிவைத்திருக்கும் ஒரு குகை.

"மண்டையோட்டைக் காசு குடுத்துப் பாக்கணுமா?" என்றேன். "கொஞ்ச நாள் பொறுத்தா நானே அங்கதானே போகப்போறேன்."

"அப்பா, காலங்காத்தால."

"சரி, இந்த பாஸ் கட்டுமா கட்டாதா, அத மட்டும் சொல்லு."

அவள் போனைத் தட்டிப் பார்த்தாள். "நாலு இடம் போனா கட்டும். மூணுன்னா நஷ்டம், தனித்தனியா டிக்கெட் எடுத்துக்கலாம். நீங்க நாலு இடம் நடப்பீங்களா?"

"உங்கம்மா நடந்தாளா?"

"அம்மா அஞ்சுக்கும் ரெடியாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

என் சம்சாரம் சலேத்துமேரிக்குக் காரைக்கால் கடைத்தெரு வரை நடந்தாலே முட்டி வலிக்கும். என்னோடு நடந்தால்.

ஜூன் 13, வெள்ளி

இந்த வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. வந்த நாளிலிருந்து அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். இன்று எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். அமலிக்குத் தெரியாது. தெரிந்தால் விழுந்து தொலைப்பீங்க என்பாள்.

பின்னால் கோபுரம். முன்னால் மூணு பேர். ஓரத்தில் சம்பந்தியம்மா தெரேஸ், நல்ல மனுஷி, வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறாள். நடுவில் சம்பந்தி. இந்தப் பக்கம் என் சலேத்து. ஊதாச் சேலை, அதன் மேலே கம்பளிச் சால்வை. சிரிக்கிறாள். பல் முழுக்கத் தெரிகிற சிரிப்பு. கடைவாயில் ஒரு பல் இல்லாததால் அவள் வாயைத் திறந்தே சிரிக்க மாட்டாள்.

பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று சொன்னார்களே, அந்த வருஷம், அதற்கு முன்னால் வந்த வைகாசியில்தான் அவள் தனியாக இங்கே வந்தாள். லியா பிறந்து ஞானஸ்நானம் முடிந்த சமயம். ஊருக்குத் திரும்பி வந்து பெட்டியை இறக்கிவைத்ததும், "என்னத்தடி பார்த்த?" என்று கேட்டேன். "என்னத்த, ஒரே குளிரு" என்றாள். கோபுரம் தொங்கும் சாவிக்கொத்து ஒன்றைக் கொடுத்தாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆறு வருஷம் உயிரோடு இருந்தாள், இந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

நான் சந்தையில் நின்ற ஆள். எவன் சிரிக்கிறான் என்று பார்க்க மாட்டேன், எவன் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவோம். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, முழுக்கையும் பிடித்தால் ஐந்து. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

படத்தில் சலேத்தின் வலது கை சால்வைக்குள் இருக்கிறது. சம்பந்தியின் இடது கையைத் தேடினேன். பாக்கெட்டில் இல்லை. இடுப்பில் இல்லை.

அதுவும் அந்தச் சால்வைக்குள்தான் இருக்கிறது.

ஜூன் 14, சனி

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அங்கேதான் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

சம்பந்தி வந்தார், கையில் கேக் டப்பா. லியா வாசலுக்கே ஓடினாள். நான் ஊரிலிருந்து சுமந்துவந்த கடலை உருண்டை அடுக்களையில் அப்படியே கிடக்கிறது, பல்லில் ஒட்டுகிறதாம்.

சாப்பிடும்போது படகைப் பற்றி ஆரம்பித்தார். "ஆத்துல அப்பிடியே போகும்போது, ரெண்டு பக்கமும் அரண்மனை சம்பந்தி. உங்க சம்சாரம் தண்ணியில கைய விட்டு அளைஞ்சுக்கிட்டே வந்தாங்க."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன். "அந்த வருஷம் ஆறு பெருகிக் கிடந்துச்சே சம்பந்தி. பாலத்துக்கு அடியில ஒரு கல்லு சிப்பாய் நிக்கிறானாம். அவன் இடுப்பு மட்டும் தண்ணின்னு சலேத்து போன்ல சொன்னா. படகெல்லாம் கட்டிப்போட்டுட்டாங்கன்னும் சொன்னா. நான் அன்னிக்குத் திருநள்ளாறு பக்கம் ஒரு காங்கேயம் ஜோடிய முடிச்சுட்டு, டீக்கடையில நின்னு பேசுனேன். மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. டீக்கடைக்காரன் மகளுக்கு அன்னிக்கு நிச்சயம்."

மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார்.

"ஆமா" என்றார் சம்பந்தி. "படகு இல்லதான். நான் தெரேஸோட வேற வருஷம் போனது. கலந்துருச்சு."

"வயசாச்சுல்ல" என்றேன். அவருக்கு என்னைவிட ரெண்டு வயது கூட.

ஒரு பொய்யைப் பிடித்தேன். வயிறு நிறைய வேண்டியது. ஆனால் படகில் பொய் சொன்னவர் மற்றதில் எதைச் சொல்லாமல் விட்டார் என்று நினைக்க ஆரம்பித்தேன். கேக்கைத் தொடவில்லை.

ஜூன் 18, புதன்

அமலி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நான் பூண்டு. "அந்த வருஷம் உங்கம்மா உங்க மாமனாரோட ரொம்பத்தான் சுத்துனாளாம்" என்றேன், சும்மா பேச்சுக்கு.

"மாமியாரும்தான் கூடப் போனாங்க."

"அவங்கதான் வாயத் தொறக்காத மனுஷியாச்சே."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்பா, உங்களுக்கும் சேத்து ரெண்டு டிக்கெட்டு போட்டோம். மறந்துட்டீங்களா? நீங்கதான், பொண்ணக் குடுத்த வீட்டுல போயி உக்காந்து சாப்பிட மாட்டேன்னீங்க. அம்மா ஒரு வாரம் அழுதுச்சு."

இதை எழுதாதே என்று போனிடம் சொன்னேன். எழுதிவிட்டது.

சந்தை நேரம் அது. சினை மாடு மூணு கையில் இருந்தது. அதுதான் காரணம்.

"பாஸ் வாங்கணுமா வேணாமா? வர்ற திங்களுக்குள்ள சொல்லுங்க, அப்புறம் நீங்க ஊருக்குக் கெளம்புறதுக்குள்ள சுத்த நாள் இருக்காது" என்றாள் அமலி.

"அவங்க பார்த்த எடத்த நான் ஏன் பாக்கணும்? மேஞ்ச காட்டுலயா மேயச் சொல்ற?"

ஜூன் 20, வெள்ளி

மாம்பழம் வாங்க சம்பந்தியோடு அனுப்பிவிட்டார்கள். தரைக்கு அடியில் ஓடும் ரயில். ஜன்னல் ஓர இருட்டைப் பார்க்கிற இடத்திலும் அவர்தான் உட்கார்ந்தார்.

லா ஷப்பேல் என்ற இடத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் கடைகள். தெருவில் இறங்கியதும் வெற்றிலை வாசம். கோட்டுக்கு மேலே துண்டு போட்டிருந்தேன், முனை கையை மூடித் தொங்கியது. அமலி எத்தனை சொன்னாலும் துண்டில்லாவிட்டால் எனக்குத் தோள் வெறிச்சென்று இருக்கும்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டினார். "ஐயா, இண்டைக்குத்தான் இறங்கினது. எத்தினை பெட்டி வேணும்?"

மூணு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது சம்பந்தியின் கை என் துண்டுக்குள் வந்தது. ரெண்டு விரலைப் பிடித்தது. ரெண்டு போதும் என்று அர்த்தம்.

அவருக்கு விரல் பேச்சு தெரிந்திருப்பது ஒன்று. அதைக்கூட விட்டுவிடலாம், யாரையாவது பார்த்திருப்பார். ஆனால் பிடித்த விதம். புதிதாகக் கற்றவன் விரல் நுனியைப் பிடிப்பான். தரகன் நடுக்கணுவைப் பிடிப்பான். அடிக்கணுவைப் பிடித்து ஒரு சின்ன அழுத்து அழுத்துகிற ஆளை என் வாழ்நாளில் ஒரே ஒருத்தியைத்தான் கண்டிருக்கிறேன். நான் சொல்லிக்கொடுத்ததை அவள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்ட பிடி அது.

கல்யாணமான புதிது. அம்மா, மூணு அக்கா, எல்லாரும் ஒரே கூரைக்கு அடியில். சலேத்துக்கும் எனக்கும் பேச இடமில்லை. காபி கொண்டுவந்து வைக்கிறபோது கை என் துண்டுக்குள் வரும். ஒரு விரல் என்றால் என்ன, ரெண்டு விரல் என்றால் என்ன என்பதெல்லாம் போனுக்கு வேண்டாம். கடைசிவரைக்கும் இருந்தது. ஆஸ்பத்திரிப் போர்வைக்குள்ளும்.

அந்தப் பிடி இன்று ஒரு தொப்பிக்காரர் கையிலிருந்து வந்தது.

கையை உதறிவிட்டேன். கடைக்காரர் பயந்துபோய், "என்ன ஐயா, விலை கூடவோ?" என்றார்.

ரெண்டு பெட்டியும் வாங்காமல் திரும்பினோம்.

ஜூன் 21, சனி

யாரோடும் பேசவில்லை. இதோடும் பேச விருப்பமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முட்டி வலி என்றேன். எல்லாரும் போனார்கள். ஆனால் சம்பந்தி பாதியிலேயே எழுந்து என்னிடம் வந்துவிட்டார். கதவைத் திறந்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வா என்று சொல்ல எனக்கு மனமில்லை, பெண்ணைக் கொடுத்தவன் சொல்லாமலும் இருக்கக் கூடாது. "உள்ள வாங்க" என்றேன்.

படத்துக்குக் கீழே ரெண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"என்ன கோபம் சம்பந்தி?"

நான் மேலே காட்டினேன். "உங்க எடது கை எங்க?"

அவர் எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஒம்பது வருஷமா இங்க தொங்குது. ஒருத்தரும் கண்டுபிடிக்கல. தெரேஸ்கூட."

"சிரிச்சது போதும். சொல்லுங்க."

"சொல்லிருவேன். பாதியக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிரக் கூடாது."

தலையாட்டினேன்.

கோபுரத்துக்குக் கீழே வரிசை நீளமாம். நிற்க நிற்க, சலேத்து அவரிடம் கேட்டிருக்கிறாள். எங்க வீட்டுக்காரரும் ஒருநாள் இங்க வருவார், வந்தா நீங்க கூட்டிட்டுப் போயிச் சுத்திக் காட்டணும் என்று. அவர் வாயைத் திறக்கிறதுக்குள் தடுத்துவிட்டாளாம். சத்தமாப் பேசாதீங்க, சம்பந்தியம்மா காதுல விழக் கூடாது என்று.

"ஏன்? தெரேஸம்மா காதுல விழுந்தா என்ன?" என்றேன்.

"அதத்தான் நானும் கேட்டேன். 'அவருக்குப் படிக்கத் தெரியாது. போர்டப் பாத்து ரயில் ஏறத் தெரியாது. தனியா விட்டா தொலைஞ்சு போவார். ஆனா ஒருத்தர்கிட்ட வழி கேக்க மாட்டார். இது நாலு பேருக்குத் தெரிஞ்சா அவருக்குக் கொறச்சல்'ன்னாங்க. அப்புறம் அங்கனயே நின்னு விரல் பேச்ச எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. யாருக்கும் தெரியாம பேரம் பேச."

"என்ன பேரம்?"

"உங்கள எத்தன எடத்துக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு. எடுத்ததும் என் முழுக்கையையும் பிடிச்சாங்க. அஞ்சும்னு. நான் ஒரு விரல மட்டும் பிடிச்சேன். சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க, உங்களோட அஞ்சு எடம் யாரு சுத்துறது? கல்யாணத்தப்ப பந்தியில பாயசம் தண்ணியா இருக்குன்னு என்கிட்ட மூணு தடவ சொன்னீங்க. ஒரு விரலப் பிடிச்சதும் நறுக்குன்னு கிள்ளிட்டாங்க. நான் 'ஆ'ன்னேன். அவங்க சிரிச்சாங்க. அப்பதான் ழெரார் படம் எடுத்தான்."

நான் படத்தில் சலேத்தைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு கிள்ளின சிரிப்பு. எனக்குத் தெரியும் அது. இத்தனை நாள் தெரியவில்லை.

"அப்ப ஏன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல அவ? குளிருன்னு மட்டும் சொன்னா."

"இந்தப் படத்தக்கூட ஊருக்கு அனுப்பாதீங்கன்னுட்டாங்க. பார்த்தா அவருக்கு வயிறு எரியும், எரிஞ்சா இந்தப் பக்கமே வர மாட்டாருன்னாங்க."

அவள் இல்லாமல் மூணு வருஷம் ஆன பிறகும் என்னைப் பற்றிச் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"சரி. எத்தனையில முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணு."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான். வேணும்னா படகுக்குப் போவோம். அவங்களும் பாக்காத எடம். மத்ததெல்லாம் எதுக்கு சம்பந்தி. கோபுரத்துல கூட்டம். குன்றுக் கோவிலு ஏத்தம்." நிறுத்தினார். "தெரேஸ் போனதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகல."

போன மார்கழியில்தான் சம்பந்தியம்மாவைப் புதைத்தார்கள். நான் போனில் துக்கம் கேட்டேன், அதோடு சரி. இத்தனை ஞாயிறும் இவர் ஏன் இங்கேயே வந்து உட்காருகிறார் என்று இன்றுதான் யோசித்தேன். யோசித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் ஒண்ணு என்பது பொய். சலேத்துமேரி அஞ்சில் ஆரம்பித்து ஒன்றில் முடிக்கிற ஆள் இல்லை. மீன்காரி இவளைக் கண்டால் கூடையை மூடுவாள்.

தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் ரெண்டு பேர் கைக்கும் மேலே போட்டேன்.

"வாயால வேணாம். இதுக்குள்ள சொல்லுங்க."

அவர் கை அசையாமல் இருந்தது. குளிர்ந்த கை, எலும்பு தட்டுப்பட்டது. துண்டுக்குள் பொய் சொன்னவனை எந்தச் சந்தையிலும் சேர்க்க மாட்டார்கள், அதை அவள் சொல்லிக்கொடுத்தாளோ என்னவோ. பிறகு மெதுவாக என் விரல்களைத் தேடிப் பிடித்தார். ஒன்று. ரெண்டு. மூணு. கொஞ்சம் நின்று, நாலு. அடிக்கணுவில். ஒரு சின்ன அழுத்து.

எனக்குக் கை எடுக்க மனம் வரவில்லை. அவரும் எடுக்கவில்லை. மாடிப்படியில் லியாவின் சத்தம் கேட்டதும்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

அமலியிடம் பாஸ் வாங்கச் சொன்னேன். ரெண்டு. நாலு இடம் போனால் கட்டும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

"யாரு ரெண்டு பேரு?"

"நானும் உங்க மாமனாரும்."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாளைக்குப் படகு. அப்புறம் கோபுரம், அரண்மனை, குன்றுக் கோவில். மண்டையோட்டை விட்டுவிட்டோம், ரெண்டு பேருக்கும் அதில் அவசரமில்லை. படகில் ஓர இடம் எனக்கு என்று முன்னாடியே சொல்லிவிட்டேன். "கோபுரத்துல எனக்கு" என்றார். வயிற்றெரிச்சல் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னோடு பேச வேண்டிய பாஷையில் அவள் இன்னொருத்தரோடு பேசினாள், கிள்ளினாள், சிரித்தாள். அதை நாலு இடத்திலும் நினைத்துக்கொண்டுதான் நடப்பேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிடியை உண்டாக்கினவள் சலேத்துமேரி, காரைக்கால் கல்லறையில் இருக்கிறாள். பக்கத்திலேயே நின்றும் அதைப் பார்க்காத தெரேஸம்மாவும் போய்விட்டாள். எனக்குத் தெரியும், ஆனால் என் கையை நானே பிடித்துக்கொள்ள முடியாது. மிச்சம், அந்தப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிற ஒரே ஆள் என் சம்பந்தி, லெயோன் சவரிராயன்.